ஓசைக்கு ஒரு தனிச் செயலி

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி ஒருத்தி, வகுப்புத் தோழியர் அனைவரின் சார்பிலும் எழுதியது)

எங்கள் வகுப்பில் கண்பார்வையற்ற தோழி ஒருத்தி இருக்கிறாள். தன் பெயரை எழுத வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால், இக்கட்டுரையில் அவளைத் ‘தோழி’ என்றே குறிப்பிடுகிறோம். இவ்வாண்டு நாங்கள் அனைவரும் அரசுப் பொதுத்தேர்வு எழுத வேண்டியவர்கள். எங்களுக்குப் பாடப்புத்தகம் இருக்கிறது. அவளுக்கு எங்கள் குரல்தான் புத்தகம். மாலை வகுப்புகள் முடிந்ததும் சிஸ்டரின் அனுமதியுடன் நூலக அறையில் அமர்ந்து, முறை வைத்துக்கொண்டு பாடங்களை உரக்க வாசிப்போம். அவை அவள் வீட்டுக் கைபேசியில் பதிவாகும். பிறகு அவள் கரிசல்காட்டைத் தாண்டியுள்ள தன் கிராமத்துக்குப் பேருந்தில் சென்று, இரவில் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுப் படிப்பாள்.

ஒருநாள் அவள் வாடிய முகத்துடன் வந்தாள். “ஏட்டி, பாதிப் பாடம் கேட்கும்போதே போன் அணைஞ்சு போகுது. விடியுமுன்னே அப்பா அந்தப் போனை எடுத்துக்கிட்டு வேலைக்குப் போகணும். சார்ஜ் இல்லேன்னா அவசரத்துக்குக்கூட அவர் யார்கிட்டேயும் பேச முடியாது. இனிமே ராத்திரியிலே கேட்க வேண்டாம்னு நெனைக்கேன்” என்றாள். எங்களுக்குப் பெரும் வருத்தமாகிவிட்டது.

கைபேசியை வாங்கிப் பார்த்தோம். முதற்காரணம் உடனே தெரிந்தது. தெரிந்ததும் வெட்கமாகவும் இருந்தது. பாடம் ஓடும் நேரம் முழுவதும் அதன் திரை முழு வெளிச்சத்துடன் எரிந்துகொண்டிருந்தது. யாருக்காக? அவள் திரையைப் பார்ப்பதே இல்லை. இத்தனை நாள் அவளருகில் அமர்ந்து வாசித்த எங்கள் கண்களுக்கும் அது தென்படவில்லை. அன்றே, திரை அணைந்திருக்கும்போது பாடம் ஓடும்படி அமைத்துக் கொடுத்தோம். சார்ஜ் முன்னைவிட நெடுநேரம் நின்றது.

ஆயினும் எங்கள் விஞ்ஞான ஆசிரியை அத்துடன் எங்களை விடவில்லை. “திரை உறங்கிவிட்டது, சரி. அதன் பிறகும் உள்ளே விழித்திருப்பது யார்? அதைக் கண்டுபிடித்து ஆண்டு மலருக்குக் கட்டுரையாக எழுதுங்கள்” என்றார். அவ்வாறு நாங்கள் கற்ற பாடமே இது.

ஓசை எண்ணாகும் விதம்

நம் எட்டயபுரத்துக்கும் ஓசைக்கும் பழைய உறவு உண்டு. சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் இங்கேதான் காலமானார். அவருடைய நினைவிடத்தை நாம் அனைவரும் அறிவோம். அவர் குடும்பத்தில் வளர்ந்த சுப்பராம தீட்சிதர், ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூலை 1904இல் எட்டயபுரத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார். காற்றோடு கலைந்துபோகும் ஓசையைச் சுரங்களாகவும் கமகக் குறிகளாகவும் தாளில் பதித்து வைத்த நூல் அது. கைபேசி செய்வதும் ஏறக்குறைய அதுவே. ஆனால் அது சுரமாக எழுதுவதில்லை; எண்ணாக எழுதுகிறது.

ஒலி என்பது காற்றின் அதிர்வு என்று படித்திருக்கிறோம். அந்த அதிர்வு எந்தக் கணத்தில் எவ்வளவு எழுந்தது என்பதை மிகக் குறுகிய இடைவெளிகளில் அளந்து எண்ணாக்குகிறார்கள். இசைத்தட்டான சி.டி.யில் வினாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. கைபேசியில் வினாடிக்கு 48,000 முறை என்பது வழக்கம். ஒவ்வோர் அளவையும் எழுதுவதற்கு 2 பைட்டு இடம் வேண்டும். வலக்காதுக்கும் இடக்காதுக்கும் தனித்தனியே வேண்டும் என்பதால் 48,000 × 2 × 2 = 1,92,000 பைட்டு ஆகிறது. இது ஒரே ஒரு வினாடி ஓசைக்கு! சேமித்து வைக்கும்போது இதைப் பலமடங்கு சுருக்கி வைக்கலாம். காதுக்கு அனுப்பும்போது மீண்டும் விரித்துத்தான் அனுப்ப வேண்டும். ஒரு மணி நேரப் பாடத்தை விரித்தால் 69 கோடியே 12 லட்சம் பைட்டு.

யு.எஸ்.பி. என்னும் சாலை

பழைய கைபேசிகளில் இயர்போன் செருகுவதற்கு வட்டமான துளை ஒன்று இருந்தது. எண்களை மின்னலைகளாக மாற்றும் வேலை கைபேசிக்குள்ளேயே முடிந்துவிடும். தோழியின் கைபேசியில் அந்தத் துளை கிடையாது. சார்ஜ் ஏற்றும் துளையிலேயே இயர்போனையும் செருக வேண்டும். அவளுடைய இயர்போனின் செருகியில் சிறு சில்லு ஒன்று இருக்கிறது. எண்களை மின்னலைகளாக மாற்றுவது அதன் வேலை. ஆகவே அத்தனை கோடி எண்களும் யு.எஸ்.பி. என்னும் சாலை வழியாகப் பயணம் செய்து அந்தச் சில்லைச் சென்றடைய வேண்டும். இந்த இணைப்பு முறையின் முதல் விதிநூல் 1996 ஜனவரியில் வெளிவந்தது. அதை உருவாக்கியவர்களில் முன்னின்றவர், பரோடாவில் படித்து இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய நம் நாட்டவரான அஜய் பட் என்பது நமக்குப் பெருமை.

இச்சாலையில் ஓசைக்கென்று கண்டிப்பான நேர அட்டவணை உண்டு. சாதாரண வேகத்தில் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு ஒரு பொட்டலம் புறப்பட வேண்டும். மேலே கண்ட கணக்கின்படி ஒவ்வொரு பொட்டலத்திலும் 192 பைட்டு இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு 36 லட்சம் பொட்டலங்கள்! வேகம் மிகுந்த இணைப்பில் அந்த ஆயிரத்தில் ஒரு பங்கையே எட்டாகப் பிரித்து, வினாடிக்கு 8,000 பொட்டலங்கள் வரை அனுப்புவதும் உண்டு. ஏதேனும் ஒரு பொட்டலம் தவறினால் அதை மறுபடி அனுப்பும் வழக்கம் இல்லை. நேரம் தவறி வரும் ஓசையால் பயன் இல்லையன்றோ? காதில் ‘டப்’ என்று ஒரு வெடிப்பு மட்டும் கேட்கும்.

புளியங்கொட்டைப் பரிசோதனை

இதை நாங்கள் வகுப்பறையிலேயே செய்து பார்த்தோம். எங்களுள் கணக்கில் முதல் மதிப்பெண் பெறுபவளை நாற்காலியில் அமர்த்தி, பத்துப் பெருக்கல் கணக்குகளைக் கொடுத்தோம். அருகில் ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டைகளை வைத்தோம். எதிரில் தோழி கையை நீட்டிக்கொண்டு நின்றாள். மற்றொருத்தி மேசையில் தாளம் தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கொட்டை தோழியின் கையில் விழ வேண்டும் என்பது விதி.

முதற்சுற்றில் கணக்கும் முடியவில்லை. கொட்டையும் பல முறை தவறியது. தவறிய தட்டுகளை எங்களுக்கு முன்பே எண்ணிச் சொன்னவள் தோழிதான்.

இரண்டாம் சுற்றில் கணக்குத்தாளை எடுத்துவிட்டோம். “கொட்டையை மட்டும் போடு” என்றோம். ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனாலும் அவள் களைத்துவிட்டாள். “வேலை சின்னதுதான். ஆனா ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவிலே கண்ணை மூட முடியலையே” என்றாள். எங்கள் கேள்விக்கு விடை அந்தச் சொற்களிலேயே கிடைத்தது.

மூன்றாம் சுற்றில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை அழைத்து, டப்பாவை அவளிடம் ஒப்படைத்தோம். கொட்டைகள் தவறாமல் விழுந்தன. நாற்காலியில் இருந்தவள் பத்துக் கணக்குகளையும் முடித்துவிட்டு மேசைமீது தலை சாய்த்துக்கொண்டாள்.

கெர்னலும் டிரைவரும்

நாற்காலியில் இருந்தவளே கைபேசியின் முதன்மைச் செயலி. எல்லா வேலையும் தெரிந்த பெரிய செயலி அது. விழித்திருக்கும்போது மின்சாரமும் மிகுதியாகச் செலவாகும். வேலை இல்லாத கணங்களில் அது தன் பெரும் பகுதிகளை அணைத்துவிட்டு உறங்கிச் சார்ஜைச் சேமிக்கிறது. ஆனால் ஓசை ஓடும்போது அது நிம்மதியாக உறங்க முடியாது.

கைபேசியை ஆளும் நிரலின் உட்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். கெர்னல் என்றால் பருப்பு. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் தின்னும் நமக்கு இது எளிதில் விளங்கும். நாம் தொட்டு இயக்கும் செயலிகள் எல்லாம் மேல்தோடு. உள்ளேயிருந்து நினைவகத்தையும் கருவிகளையும் காப்பது பருப்பு. அந்தக் கெர்னலுக்குள், ஒவ்வொரு கருவியையும் ஓட்டத் தெரிந்த சிறு நிரல்கள் உண்டு. அவற்றுக்கு டிரைவர்கள் என்று பெயர். யு.எஸ்.பி. ஒலிக் கருவிக்கும் ஒரு டிரைவர் உண்டு.

வழக்கமான முறையில், ஒலி எண்களைப் பொட்டலம் கட்டி வரிசையில் வைப்பது அந்த டிரைவரின் வேலை. பொட்டலங்கள் போய்ச் சேர்ந்ததும் யு.எஸ்.பி. கட்டுப்பாட்டுக் கருவி ஒரு மணி அடிக்கிறது. இம்மணிக்கு ‘இண்டரப்ட்’ என்று பெயர். மணி அடித்ததும் முதன்மைச் செயலி விழித்து அடுத்த பொட்டலங்களைக் கட்ட வேண்டும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தனி மணி அடிப்பதில்லை. சிலவற்றை ஒன்றுசேர்த்து ஒரு மணி அடிப்பார்கள். இருந்தாலும் ஒரு வினாடிக்குள் பல முறை எழுந்து படுக்க வேண்டியதுதான். எழுவதற்கும் படுப்பதற்குமே சார்ஜ் செலவாகிறது.

டி.எஸ்.பி. யார்?

டி.எஸ்.பி. என்று ஆசிரியை கரும்பலகையில் எழுதியதும், கோவில்பட்டிக் காவல்துறை அதிகாரிதான் எங்கள் நினைவுக்கு வந்தார். வகுப்பே சிரித்தது. இது வேறு. டிஜிட்டல் சிக்னல் ப்ராசசர் என்பதன் சுருக்கம் இது. ஒலி, ஒளி போன்ற அலைகளின் எண்களைக் கையாள்வதற்கென்றே அமைந்த சிறு செயலி. ஓசையைக் கூட்டுவது, குறைப்பது, இரைச்சலை வடிகட்டுவது ஆகிய யாவும் கடைசியில் ‘பெருக்கு, கூட்டு, பெருக்கு, கூட்டு’ என்ற ஒரே கணக்குத்தான். அந்த ஒரு கணக்கைக் குறைந்த மின்சாரத்தில் மிக விரைவாகச் செய்யும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1978இல் குழந்தைகளுக்கு எழுத்துக்கூட்டக் கற்பிக்கும் பேசும் கருவியொன்றை வெளியிட்டது. எண்களிலிருந்து மனிதக் குரலை உண்டாக்கும் சில்லு அதனுள் இருந்தது. பின்பு 1983இல் டி.எம்.எஸ்.32010 என்ற டி.எஸ்.பி.யை அந்நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1985இல் அது பெங்களூரில் வடிவமைப்பு நிலையம் ஒன்றைத் தொடங்கியது. அங்கே நம் நாட்டுப் பொறியாளர்கள் வடிவமைத்த டி.எஸ்.பி. 1998இல் ‘அங்கூர்’ என்ற பெயரில் வெளிவந்தது. அங்கூர் என்றால் முளை. இன்று கைபேசிகளின் உள்ளே முதன்மைச் செயலியின் அருகிலேயே டி.எஸ்.பி. குடியிருக்கிறது. குவால்காம் நிறுவனத்தின் சில்லுகளில் அதற்கு ‘ஹெக்சகான்’ என்று பெயர்.

ஒப்படைக்கும் முறை

அப்படியானால் டப்பாவை டி.எஸ்.பி.யிடம் கொடுத்துவிட வேண்டியதுதானே? சொல்வது எளிது. யு.எஸ்.பி. சாலை முழுவதும் முதன்மைச் செயலியின் ஆளுகையில் இருந்து வந்தது. ஒரே சாலையில் விசைப்பலகையும் வரும். நினைவகக் குச்சியும் வரும். ஓசையை மட்டும் பிரித்து வேறொருவர் கையில் கொடுக்க வேண்டும். அது நான்கு படிகளில் நடைபெறுகிறது.

முதலாவது, இயர்போனைச் செருகியதும் கெர்னலின் ஒலி டிரைவரே அதன் விவரங்களைப் படிக்கிறது. வினாடிக்கு எத்தனை அளவு, எத்தனை பைட்டு என்பதையெல்லாம் குறித்துக்கொள்கிறது.

இரண்டாவது, பாடம் தொடங்கும்போது டி.எஸ்.பி.யிடமிருந்து முதன்மைச் செயலிக்கு ஒரு வேண்டுகோள் வருகிறது. கேட்கும் வடிவம் அந்த இயர்போனுக்குப் பொருந்துமா என்று டிரைவர் சரிபார்க்கிறது. பொருந்தாவிட்டால் பழைய முறையே நடக்கும்.

மூன்றாவது, பொட்டலங்களுக்கான வரிசை நினைவகத்தில் ஒரு வளையம்போல் அமைந்திருக்கிறது. அந்த வளையத்தின் முகவரியை டி.எஸ்.பி.க்குக் கொடுத்து, நினைவகத்தின் தேவையான பகுதிகளை மட்டும் தொட அனுமதி வழங்குகிறார்கள். வீட்டுச் சாவிக்கொத்து முழுவதையும் கொடுக்காமல், ஓர் அறையின் சாவியை மட்டும் கழற்றிக் கொடுப்பதற்கு ஒப்பானது இது.

நான்காவது, மணி. பள்ளியில் அலுவலக மணி வேறு, உணவறை மணி வேறு. உணவறை மணிக்குத் தலைமை ஆசிரியை எழுந்திருக்க வேண்டியதில்லை. எக்ஸ்.எச்.சி.ஐ. என்ற யு.எஸ்.பி. கட்டுப்பாட்டுக் கருவியிலும் ஒன்றுக்கு மேற்பட்ட மணிகளுக்கு இடம் உண்டு. ஓசைப் பொட்டலங்களின் செய்திகளை இரண்டாவது மணியின் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். அவற்றை டி.எஸ்.பி. பார்த்துக்கொள்ளும். முதன்மைச் செயலி உறங்கலாம்.

உலகெங்கும் பயன்படும் லினக்ஸ் கெர்னலை 1991இல் ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கினார். ஆண்ட்ராய்டு கைபேசிகளின் உள்ளே இருப்பதும் அதுவே. யு.எஸ்.பி. ஓசையை டி.எஸ்.பி.யிடம் ஒப்படைக்கும் டிரைவரைக் குவால்காம் நிறுவனத்தின் வெஸ்லி செங் 2022 இறுதியில் மற்றப் பொறியாளர்களின் பார்வைக்கு வைத்தார். வளையத்தையும் மணியையும் பங்கிட்டுத் தரும் அடித்தளப் பகுதியை இன்டெல் நிறுவனத்தின் மத்தியாஸ் நைமன் எழுதினார். முப்பதுக்கும் மேற்பட்ட முறை திருத்தி எழுதப்பட்ட பின்னரே, 2025 ஜூலை 27 அன்று வெளியான லினக்ஸ் 6.16இல் அது இடம்பெற்றது. ஒரு கட்டுரையை மூன்றாம் முறை திருத்தச் சொன்னாலே முகம் சுளிக்கும் நாங்கள், இதைப் படித்தபோது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஒப்படைத்த பின்னும் மிஞ்சும் பொறுப்பு

இத்தனை திருத்தங்கள் எதற்கு? இதற்கும் விடை எங்கள் பரிசோதனையிலேயே கிடைத்தது. மூன்றாம் சுற்று நடந்துகொண்டிருந்தபோது, “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று தோழி கையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். நாற்காலியில் இருந்தவளோ தலை சாய்ந்திருந்தாள். சிறுமி தாளத்துக்கு ஏற்பக் கொட்டைகளைப் போட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாம் தரையில் விழுந்து உருண்டன. “ஏன்மா நிறுத்தலே?” என்று கேட்டோம். “நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லலையே அக்கா” என்றாள்.

குற்றம் சிறுமியுடையது அன்று. ஒப்படைத்தவருடையது.

இயர்போனைத் திடீரெனப் பிடுங்கும்போது கெர்னல் சந்திக்கும் சிக்கல் இதுவே. இயர்போன் போய்விட்ட செய்தி முதன்மைச் செயலியிடம்தான் வருகிறது. அது உடனே டி.எஸ்.பி.க்கு ‘நிறுத்து’ என்று தெரிவிக்க வேண்டும். நின்றுவிட்டதை உறுதி செய்துகொண்ட பிறகே வளையத்தையும் நினைவகத்தையும் திரும்பப் பெற வேண்டும். முன்னதாகவே பெற்று வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டால், டி.எஸ்.பி. தனக்குச் சொந்தமில்லாத இடத்தைத் தொட்டுவிடும். அது போலவே, ஒரே இயர்போனுக்கு முதன்மைச் செயலியும் டி.எஸ்.பி.யும் ஒரே நேரத்தில் ஓசை அனுப்பக் கூடாது. ஒருவர் அனுப்பிக்கொண்டிருக்கையில் மற்றவர் கேட்டால், ‘இடம் இல்லை’ என்று சொல்லிவிட வேண்டும்.

திருக்குறளின் 52ஆம் அதிகாரத்துக்குத் ‘தெரிந்துவினையாடல்’ என்று பெயர். தகுந்தவரை ஆராய்ந்து அறிந்து வேலையை ஒப்படைப்பது பற்றிய அதிகாரம் அது. வேலையை ஒப்படைத்துவிட்டுக் கண்மூடிக் கிடப்பது ஒப்படைத்தல் ஆகாது என்பதைக் கெர்னலும் நமக்குக் கற்பிக்கிறது.

எங்கே பயன் மிகுதி?

இம்முறை எல்லா இடத்திலும் ஒரே அளவு பயன் தராது. கைபேசியில் விரல் வைத்ததும் அங்குள்ளதைப் படித்துச் சொல்லும் குரல், ஓரிரு சொற்களோடு முடிந்துவிடும். அப்போது முதன்மைச் செயலி எப்படியும் விழித்துத்தான் இருக்கும். மாறாக, மணிக்கணக்கில் ஓடும் பாடத்தையோ பாட்டையோ பெரும் பகுதியாக டி.எஸ்.பி.யிடம் கொடுத்துவிட்டால், முதன்மைச் செயலி நெடுநேரம் உறங்கலாம். எங்கள் தோழியைப் போல் கேட்டே படிப்பவர்களுக்குத்தான் இதன் பயன் அதிகம். ஆனால் இது சில்லையும் கெர்னலையும் பொறுத்த வசதி. பொத்தானை அழுத்திப் பெறக்கூடியது அன்று. எங்கள் கைக்கு எட்டியது திரையை அணைத்தது மட்டுமே. அதற்கு விஞ்ஞானம்கூட வேண்டியதில்லை. அருகில் இருப்பவளைச் சற்று உற்றுக் கவனித்திருந்தால் போதும். ஓராண்டுக்கு முன்பே செய்திருக்கலாம்.

பெற்றோர்களே, கேட்டுப் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இன்றிரவு அந்தக் கைபேசியின் திரை வீணே எரிகிறதா என்று பாருங்கள். தங்கைகளே, நீங்கள் வளர்ந்து பொறியாளர்கள் ஆனால், கெர்னலுக்குள் நடக்கும் இத்தகைய பங்கீடுகளை நீங்களும் எழுதலாம். திருத்தச் சொன்னால் முப்பது முறையும் திருத்துங்கள்.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் தோழிக்கு வாசித்துக் காட்டினோம். முழுவதும் கேட்டுவிட்டு, “கொட்டை எத்தனை தவறுச்சுன்னு எழுதலையே? பதினொண்ணு” என்றாள். பிறகு, “இதையும் போன்லே பதிவு பண்ணுங்கடி, அப்பாவுக்குப் போட்டுக் காட்டணும்” என்றாள். திரையை அணைத்துவிட்டுப் பதிவு செய்யத் தொடங்கினோம்.